மனு நாள்

எங்க பாஷையில அதுக்குப் பேரு மனு.
பாக்கப் போறதும் மனு,
பாக்க விடலைன்னு எழுதிக் குடுக்கறதும் மனு.
ரெண்டுக்கும் ஒரே ஜன்னலு,
ஒரே "அக்கட்டால நில்லும்மா."

செவ்வாக்கிழமைன்னா நான் கம்பெனிக்கு லீவு.
என்ற ஓவர்லாக்குல வேற ஒருத்தி ஒக்காந்து அடிப்பா,
சனிக்கிழமைக் கவர்ல ஒரு நாள் குறையும்.
பொழுது வெளுக்கத் திருப்பூர்ல பஸ் ஏறி
அவிநாசி தாண்டறப்ப சஷ்மிதா முழிச்சுக்குவா.
காந்திபுரத்துல எறங்கி நடந்தா
பக்கந்தானுங்க.
கோயமுத்தூருக்கு நடுமத்தியில
இத்தாப் பெரிய மதிலு.
அதைச் சுத்தி பஸ் ஓடுது, துணிக்கடை போர்டு மின்னுது,
யாரும் திரும்பிப் பாக்கறதில்லை.

அவரு செஞ்சது தப்புதானுங்க.
சீட்டுப் பணத் தகராறுல
ஒரு மனுசனுக்கு வலது கை விளங்காமப் போச்சு.
அந்தக் கைக்கு ஏழு வருசம்னு ஜட்ஜய்யா எழுதினாரு.
எழுதட்டும்.
கைக்காரரு சம்சாரத்தைச் சந்தையில பாத்தா
நாந்தான் வழி விட்டு ஒதுங்கறேன்.

உள்ள ரெண்டு வலை.
நடுவுல மூணடி.
கண்ணாலயே துணி அளந்து பழகினவ நானு,
ஒரு இஞ்சு கூடக் கொறைய இருக்காது.
இந்தப் பக்கம் நாப்பது பேரு, அந்தப் பக்கம் நாப்பது பேரு,
ஒட்டுக்காக் கத்தறோம்.
வக்கீலு, ரேஷன் கார்டு, மாத்தரை தின்னயா,
யாரு சொல்லு யாரு காதுல உழுகுதோ.
ஒருக்கா பவானிக்காரம்மா ஒருத்தி
"எருமை கன்னு போட்டிருக்குது"ன்னு கத்துனதுக்கு
எங்கூட்டுக்காரரு சிரிச்சாரு.

ஆடியில உள்ள ஏதோ செல்போன் சிக்குச்சாம்.
யாரோடதுன்னு தெரியாது.
அந்த பிளாக்குக்கே மூணு மாசம் மனு கட்டுன்னு
கேட்டுல காயிதம் ஒட்டிட்டாங்க.

படிச்சேன். மறுக்காப் படிச்சேன்.
தீர்ப்புக் காயிதமும் எங்கிட்ட இருக்குதுங்க,
பதினோரு பக்கம்.
அதுல திருமூர்த்தின்னு பேரு இருக்குது,
அவங்கப்பன் பேரு, ஊரு, வயசு, செக்சன் எல்லாம் இருக்குது.
கருணாம்பிகைன்னு எங்கயும் இல்லை.
புள்ளை பேரும் இல்லை.
எங்க ரெண்டு பேருக்கு எந்தச் செக்சன்லீங்க
மூணு மாசம் போட்டீங்க?

கோர்ட்டுக்கு முன்னால டைப் அடிக்கறவரு
"காரணம்னு என்னம்மா போட?"ன்னாரு.
ஃபீஸ் வேண்டாம்னு வந்த வக்கீல் பையன்
உரிமைன்னு போடுங்கன்னான்.
போடுங்க.
அதுக்குக் கீழ இதையும் போடுங்கன்னேன்:
புள்ளைக்கு முன்பல்லு ஒண்ணு உழுந்துருச்சு.
அப்பங்கிட்டத்தான் மொதல்ல காட்டோணும்னு
வாயைத் தொறக்காமயே சிரிக்கறா,
இஸ்கூல் போட்டோவுலயும்.

"இதெல்லாம் மனுவுல வராதும்மா."
வர வைங்கன்னேன்.
அஞ்சு ரூவா சேத்தி வாங்கிக்கிட்டு அடிச்சாரு.

ஆர்டர் கைக்கு வந்தப்ப ஐப்பசி பொறந்துருச்சு.
தடை தானா முடியவே பத்து நாள்தான் பாக்கி.
இதுக்கா இத்தன அலைச்சல்னு கேட்டா எங்கண்ணன்.
பத்து நாள்னாலும்
எங்களுதுதானே.

வலைக்கு முன்னால சஷ்மிதா
ஆன்னு வாயைத் தொறந்தா.
"என்ன கண்ணு? ஒண்ணுந் தெரியலயே!"
தெரியாதுங்க.
ரம்பம் மாதிரி விளிம்போட புதுப்பல்லு
பாதிக்கு மேல மொளைச்சிருச்சு.

உழுந்த பல்லைப் பொத்தான் பாக்கெட்டுல வெச்சிருந்தேன்.
உள்ள குடுக்கற பட்டியல்ல
சோப்பு இருக்குது, பிஸ்கட்டு இருக்குது,
பல்லுப்பொடி கூட இருக்குது.
பல்லு இல்லை.
டியூப் லைட்டுக்கு நேராத் தூக்கிப் புடிச்சேன்.

"எந்தப் பக்கத்துது?"ன்னு கத்தறாரு.
எடதுன்னு நானு,
வலதுன்னு அவ,
எதுருக்கெதுரு நின்னா எதுங்க எடது,
எண்பது பேரு சத்தத்துல
அவரு தன்ற வாய்க்குள்ள வெரலை வுட்டு
ஒவ்வொரு பல்லாத் தொட்டுத் தொட்டு
இதா? இதான்னு
கேட்டுட்டே இருக்கறப்ப பெல்லு.